கிருஷ்ணகிரிக் கோட்டை 1791இல் வீழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மலைக்கோட்டைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பாராமகால் வட்டாரத்துக் கோட்டைகளுக்கு ஒரு முழுப் பக்கத்தையே ஒதுக்கியதற்கு, இந்த ஊர்க்காரன் என்ற முறையில் என் நன்றி. ஆனால் 1791ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் பீரங்கிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கிருஷ்ணகிரிக் கோட்டை வீழ்ந்ததாக அதில் எழுதப்பட்டிருந்தது. அது தவறு. அந்த ஆண்டில் இந்த மலையடிவாரத்திலிருந்து தோற்றுத் திரும்பியவர்கள் ஆங்கிலேயர்களே. ஒரு வரிதானே என்று விட்டுவிட மனம் வராததால் இதை எழுதுகிறேன்.

மைசூர்ப் பீடபூமியிலிருந்து கீழே இறங்கும் கணவாய்களுக்கும் ஆற்காட்டுச் சமவெளிக்கும் நடுவில் இருப்பது பாராமகால். மைசூரை ஆண்ட ஐதர் அலியின் படை கிழக்கே இறங்கினாலும், சென்னையிலிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே ஏறினாலும், பெரும்பாலும் இந்த நிலத்தைக் கடந்தே ஆக வேண்டும். அந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தனிப் பாறைதான் இன்று நாங்கள் சையத் பாஷா மலை என்று அழைக்கும் கோட்டை மலை. இப்போது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பேருந்து சன்னலிலிருந்து பார்த்தாலே அந்த இடத்தின் அருமை புரிந்துவிடும்.

முதல் மைசூர்ப் போர் தொடங்கிய 1767ஆம் ஆண்டிலேயே கம்பெனிப் படை இங்கே வந்துவிட்டது. திருப்பத்தூர், வாணியம்பாடி, காவேரிப்பட்டணம் ஆகிய இடங்கள் (இது தென்பெண்ணைக் கரையிலுள்ள எங்கள் காவேரிப்பட்டணம், பூம்புகாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) அதிகம் போராட வேண்டிய தேவையின்றி அவர்கள் கைக்கு வந்தன. கிருஷ்ணகிரி மட்டும் வரவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் மலைமீது ஏறித் தாக்கியவர்கள் பலத்த இழப்போடு பின்வாங்கினார்கள். மறு ஆண்டு முற்றுகையிட்டு, உள்ளே தானியம் போகும் வழிகளையெல்லாம் அடைத்து, 1768 மே மாதத்தில்தான் கோட்டையைப் பணிய வைக்க முடிந்தது. பசிதான் அதன் வாசலைத் திறந்தது. அப்படிப் பிடித்த கோட்டையும் 1769ஆம் ஆண்டு சென்னை உடன்படிக்கையின்படி ஐதரிடமே திரும்பிச் சென்றது.

இனி கட்டுரை குறிப்பிடும் 1791ஆம் ஆண்டுக்கு வருகிறேன். மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், ஐதரின் மகன் திப்பு சுல்தானிடமிருந்து பெங்களூரைப் பிடித்தார். மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம்வரை சென்றும், இழுவை மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்ததால், தம்முடைய பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்ப நேர்ந்தது. அடுத்த படையெடுப்புக்கு வேண்டிய அரிசியும் மாடும் கீழ்நாட்டிலிருந்துதான் ஏறி வர வேண்டும் என்பதால், பாதையோரக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க அவர் படைகளை அனுப்பினார். ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் விழுந்தன. அதன்பின் திப்புவின் படைப்பிரிவு ஒன்று பாராமகாலுக்குள் இறங்கியபோது, அதை விரட்ட வந்தவர் லெப்டினன்ட் கர்னல் மாக்ஸ்வெல். பென்னாகரத்தைப் பிடித்த சூட்டோடு, நவம்பர் 7ஆம் தேதி இரவில் அவர் கிருஷ்ணகிரியைத் தாக்கினார்.

மலையடிவாரத்து ஊரான பேட்டையும் கீழ்க்கோட்டையும் அன்றிரவே அவர் வசமாயின. கீழ்க்கோட்டையிலிருந்து மேலே ஓடியவர்களின் முதுகை ஒட்டியே ஏறி, அவர்களோடு சேர்ந்து உள்ளே நுழைந்துவிடுவதுதான் மாக்ஸ்வெலின் திட்டம். மேல்வாசல் வரைக்கும் அவருடைய ஆட்கள் வந்தும் விட்டார்கள். ஆனால் கதவு சரியான நேரத்தில் அடைக்கப்பட்டுவிட்டது. ஏணிகளைக் கொண்டுவந்து சாத்தினார்கள். மேலே இருந்தவர்கள் பாறாங்கற்களை உருட்டி அந்த ஏணிகளை நொறுக்கினார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்ப முயன்றும் முடியாமல், செத்தவர்களையும் காயம்பட்டவர்களையும் சுமந்துகொண்டு படை கீழே இறங்கியது.

செங்குத்தான பாறையில் வெட்டிய படிகளில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலில், வெறுங்கையோடு, யாரும் எதிர்க்காதபோது ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. கடைசி ஏற்றத்தில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தால், மதில் விளிம்பை ஒட்டித் தலையளவும் அதற்கு மேலுமான கற்கள் கிடக்கின்றன. ஒருமுறை என் காலடியில் பெயர்ந்த சிறு கல் ஒன்று, பாறையில் மோதி மோதிக் கீழே போய்ச் சேரும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த இரவில் ஏணியில் நின்றவர்களை அன்று நினைத்துக்கொண்டேன். கம்பெனிப் படையில் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்கள். மேலிருந்து கல்லை உருட்டியவர்களும் இந்த நாட்டவர்களே. போரிட்ட அதிகாரிகளின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. இரு பக்கத்திலும் மடிந்த இவர்களின் பெயர்கள் இல்லை. அவர்கள் செய்ததையாவது நடந்தபடியே எழுதிவைப்பது நம் கடமை அல்லவா?

கோட்டை ஆங்கிலேயருக்குப் போனது 1792ஆம் ஆண்டில்தான். மார்ச் 18ஆம் தேதி கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் தம் ஆட்சிப் பரப்பில் பாதியை இழந்தபோது, சேலமும் பாராமகாலும் கம்பெனிக்குக் கிடைத்தன. கிருஷ்ணகிரி அந்தக் கணக்கில் சேர்ந்து கைமாறியது. உடனே கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் பொறுப்பில், தாமஸ் மன்றோ உள்ளிட்ட உதவியாளர்கள் இந்த மண்ணை அளந்து வரி விதிக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் சென்னை மாகாணம் முழுதும் பரவிய, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்வாரி முறைக்கு அதுவே தொடக்கம். எல்லையோ மேற்கே நகர்ந்து இராயக்கோட்டைக்குப் போய்விட்டது. 1799ஆம் ஆண்டில் ஜெனரல் ஹாரிஸின் படை திப்புவின் மீது கடைசியாகப் படையெடுத்ததும் அந்த வழியாகத்தான்.

கட்டுரையாளர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. பாராமகாலே பிடிபட்டது என்று பொதுவாக எழுதும் நூல்கள் இதையும் அதற்குள் அடக்கிவிடுவதால், இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது. மலையேற வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் சுரங்கப்பாதை எங்கே, புதையல் எங்கே என்பதுதான். கல்லை வைத்தே ஒரு படையைத் திருப்பி அனுப்பிய இரவைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல, படிக்கட்டின் தொடக்கத்தில் தமிழில் நான்கு வரி இருந்தால் போதும். அதைச் செய்ய வேண்டியவர்களின் காதில் இது விழத் தங்கள் நாளிதழ் உதவ வேண்டும். அதற்கு முன்பாக, வரும் ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி