கோப்பில் இல்லாத தாள்

திருமங்கலம்,
17.11.2024

தங்கத்துக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். முழங்கால் வலி வழக்கம்போல்தான். ஐப்பசி மழையில் பின்கட்டுச் சுவர் சரிந்தது. பேரையூர் மாமா ஆள் அனுப்பிக் கட்டிக் கொடுத்தார். நீ போனை எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். வேலை நெருக்கடியாக இருக்கும்.

தீபாவளிக்கு வந்து நீ போன பிறகு அலமாரியைத் துடைத்தேன். மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. இரண்டு குழிதான் உடைந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. மறந்துவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ரப்பர் பேண்டுக்குள் பில்லும் இருந்தது. ஆடி மாதத் தேதி.

மாத்திரையை நிறுத்தாதே, தங்கம். நிறுத்தினால் எலும்பு உள்ளுக்குள்ளேயே பஞ்சாகிவிடும் என்று டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சுரக்க வேண்டியதைச் சுரப்பதற்கு உன் உடம்பில் இப்போது ஒன்றும் இல்லை. அதே மாத்திரைதான் வேண்டும் என்றில்லை. நீ எப்படி இருக்க விரும்புகிறாயோ அதற்கேற்றதை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒன்றுமே எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. கேழ்வரகு மாவும் எள்ளுருண்டையும் பார்சலில் வருகின்றன. எள் எலும்புக்கு நல்லது.

நம் வீட்டில் முதன்முதலாக எஞ்சினியரிங் முடித்த பிள்ளை நீ. இன்றைக்கும் பால்காரரிடம்கூட அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை அப்பா திதிக்கு வரவில்லையே என்று பெரியத்தை கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அப்பா என்ன செய்தார்? அவர் அப்போது துபாயில் இருந்தார். எஸ்.டி.டி. பூத்தில் நின்று நான் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றார். கோபமென்றால் என்மேல் வைத்துக்கொள். அவர் படத்துக்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

போன மாதம் அங்கன்வாடி மூடுகிற நேரத்துக்கு ஒரு பெண் வந்தாள். தலைப்பிரசவம், இருபது நாள் குழந்தை. எடை போடத் துணியை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்க்காமல் நின்றாள். கதவைச் சாத்திவிட்டு வந்து நானே மெல்ல அவிழ்த்துப் பார்த்தேன். உன்னைப் போலவே இருந்தது. அவள் அழவில்லை. என் முகம் எப்படி மாறுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாற்றவில்லை. மூன்று கிலோ நூறு கிராம் என்று எழுதிக்கொண்டேன்.

மாமியார் வீட்டில் ஆபரேஷன் செய்துவிடச் சொல்கிறார்களாம். கூடாது என்றேன். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு மதுரைக் கிளைக்கு வந்ததையும், 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தக் கல்யாணம் செல்லும் என்றதையும் சொன்னேன். அதோடு நிற்காமல், உடம்பு ஆண், பெண் என்ற வகைக்குள் அடங்காமல் பிறக்கிற இடைப்பாலினக் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனைத் தடை செய்யுமாறு அந்தத் தீர்ப்பிலேயே அரசுக்கு உத்தரவிட்டார். ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பிள்ளைக்குக் கத்தி வைக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, மருந்து கொடுத்தால் கொடு, மற்றதைப் பிள்ளை வளர்ந்து தானே சொல்லட்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

"உங்களுக்கு எப்படி அக்கா இவ்வளவு தெரியும்?" என்று கேட்டாள். பேப்பரில் படித்தேன் என்றேன்.

படித்ததும் உண்மைதான். பெற்றவர்களின் சம்மதம் பிள்ளையின் சம்மதம் ஆகாது என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அன்றைக்கு உனக்கு 25 வயது. பேப்பரை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ வந்தபோது காட்டவில்லை.

பச்சைக் கோப்பில் ஒரு தாள் குறைகிறதே என்று கேட்டாய். தெரியாது என்றேன். தெரியும்.

டாக்டர்கள் சொன்னார்கள், நாங்கள் செய்தோம் என்றுதான் உன்னிடம் சொல்லி வந்திருக்கிறேன். முதலில் பார்த்த டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, அவசரப்படாதே என்றார். எனக்குத்தான் அவசரம். 1996 மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் உனக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தோம். முதல் வயதில் காய்ச்சல் என்று சொல்லித் தள்ளியாயிற்று. மூன்றாம் வயதிலும் தள்ளினால் கேட்பார்கள். மொட்டை அடித்ததும் கிணற்றடியில் பங்காளி வீட்டுப் பெண்கள் பிள்ளையை வாங்கிக் குளிப்பாட்டுவார்கள். எத்தனை கண் பார்க்கும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. வேறு ஆஸ்பத்திரி தேடிப் போனேன். அங்கே யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று நானே கேட்டேன். தை முடிவதற்குள் முடித்துவிட்டேன். பெரியத்தைதான் உன்னைக் குளிப்பாட்டினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இத்தனை வருடமாக உன்னிடம் சொல்ல முடியவில்லை.

உன்னை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று சொல். அடுத்த கடிதத்தில் அதையே எழுதுகிறேன். பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம். மாத்திரை வாங்கிவிட்டேன் என்று மட்டும் ஒரு செய்தி போடு.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இதோடு இருக்கிறது. "பிள்ளை வளரட்டும். ஆறு மாதம் கழித்துக் கூட்டி வரவும்" என்று எழுதியிருக்கிறார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். மடிப்பில் நைந்திருக்கிறது, பார்த்துப் பிரி.

அம்மா