அவசர கருத்தடை மாத்திரையும் உடல் எடையும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வெளிவந்த குடும்பத் திட்டமிடல் கட்டுரை, அவசர கருத்தடை மாத்திரையைப் பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் போதும் என்கிறது. எல்லோருக்கும் அது போதாது. 70 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள பெண்களில் லெவோநோஜெஸ்ட்ரல் என்ற மருந்துள்ள அவசர மாத்திரையின் பலன் குறையக்கூடும் என்பதால், அவர்களுக்கு இரட்டை அளவையோ வேறு முறையையோ பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல் 2017இல் பரிந்துரைத்தது. ஐந்து நாட்களுக்குள் கருப்பையில் வைக்கப்படும் செப்பு லூப்புக்கு எடை ஒரு பொருட்டே அல்ல. இதை வாசித்துவிட்டுத் தினசரி மாத்திரையை எவரும் நிறுத்திவிட வேண்டாம். நான் சொல்வது அவசர மாத்திரையைப் பற்றி மட்டுமே.

சுன்னாகத்தில் மருந்தகமொன்றில் பல வருடங்கள் வேலை செய்தவள் நான். அங்கு வரும் பெண்கள் மாத்திரையின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, மடித்த துண்டுக் கடதாசியை நீட்டுவார்கள். எடை பார்க்கும் மெசின் வாசலிலேயே நிற்கும். ஆனால் எடையை யாரும் கேட்பதில்லை. பாவம், அந்தப் பிள்ளைகள் நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். மாத்திரையைத் தாமதிக்காமல் எடுத்து, எடை கூடியவர்கள் அன்றே வைத்தியரையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ நாடும்படி கூறும் தமிழ்த் துண்டுப்பிரசுரமொன்றை, மாகாண சுகாதாரத் திணைக்களம் எல்லா மருந்தகங்களுக்கும் வழங்க வேண்டும்.

வாசகி,
சுன்னாகம்.