எம்.பி.எட். பாடத்திட்டம் எழுதுபவர்களுக்கு, கிரவுண்டிலிருந்து ஒரு மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உடற்கல்வி முதுகலைப் (எம்.பி.எட்.) பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கும், ஆய்வேடுகளுக்கு நெறியாளராக இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு 'பி.டி. டீச்சர்'. உங்களைப் போன்றவர்களிடம் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். அந்த நன்றி இருப்பதால்தான் இதைப் புகார் மனுவாக எழுதாமல் மடலாக எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுவட்டப் போட்டி, அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையே நடப்பது. மாணவிகளுக்கான 800 மீட்டர் ஓட்டம். என் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முதல் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் சுற்றின் கடைசி வளைவில் கால் பின்னியது. சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போய் வேப்பமர நிழலில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். போட்டி நடந்த பள்ளியின் சத்துணவு அக்கா வந்து, அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையே டீச்சர், வெள்ளவெளேர்னு கெடக்கே" என்றார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "டீ குடிச்சேன் டீச்சர்." முதல் பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரை மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே.

அவளை இரண்டு மாதம் பழக்கியவள் நான். தினமும் ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்து நேரம் குறித்தவள். அந்த இமையை ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை.

அன்றிரவு என் எம்.பி.எட். நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். உடற்செயலியல் நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். அந்தக் கேள்விக்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. என் பிள்ளைகள் மட்டும் அதற்கு விலக்காக இருக்கப்போவதில்லை. அப்படியானால் நான் விசில் ஊதி ஓடச் சொல்லும் ஒவ்வொரு வரிசையிலும் அந்த வெளுத்த இமைகள் நின்றுகொண்டிருக்கின்றன. 1.34-ஐ மனப்பாடம் செய்த எனக்கு அது தெரியவில்லை. எந்தப் பட்டமும் இல்லாத அந்த அக்காவுக்குத் தெரிந்தது.

வேலைக்கு வந்த பிறகு நான் கற்றவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியச் சத்துணவு உண்டு, ஆனால் அது அவள் பள்ளியில். போட்டி நாளில் அவள் வேறு ஊரில் இருப்பாள். வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று பையில் போட்டுக்கொண்டு போய்விடும் பிள்ளைகள் உண்டு. மாதவிலக்கு நாளில் கிரவுண்டுக்கு வரச் சொன்னால் "வயிறு வலிக்குது டீச்சர்" என்று மட்டும்தான் சொல்வார்கள். மற்றதை நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் எதுவும் என் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பில் ஒரு வகுப்பாகக்கூட வரவில்லை.

என் ஆய்வேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி மாணவர்கள் 45 பேர், 15 பேராக மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு பிளையோமெட்ரிக் எனும் துள்ளிக் குதிக்கும் பயிற்சி, இரண்டாவதற்கு எடைப் பயிற்சி, மூன்றாவது பயிற்சி எதுவும் தராத கட்டுப்பாட்டுக் குழு. 12 வாரம். முன்தேர்வு, பின்தேர்வு, அன்கோவா, ஷெஃபே என்ற புள்ளியியல் சோதனைகள், 0.05 முக்கியத்துவ நிலை. பயிற்சி செய்தவர்களுக்குக் காலின் வெடிதிறன் (சட்டென்று எம்பும் சக்தி) கூடியிருந்தது, செய்யாதவர்களுக்குக் கூடவில்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பாராட்டினார்கள். அட்டையில் தங்க எழுத்துப் பதித்து பைண்டிங் செய்து கொடுத்தேன். அந்த 45 பேரில் ஒருவரிடமும் முடிவு இன்னது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

எனக்கு முன்னால் படித்தவர்களின் ஆய்வேடுகள் நூலகத்தில் அடுக்கியிருந்தன. ஆள் மாறும், வாரக்கணக்கு மாறும், பயிற்சியின் பெயர் மாறும். ஒன்றில் யோகா, ஒன்றில் ஏரோபிக்ஸ், ஒன்றில் சுவிஸ் பந்து. தலைப்பின் அமைப்பு மட்டும் அச்சில் வார்த்தது போல அப்படியே இருக்கும்: தேர்ந்தெடுக்கப்பட்ட உடல்திறன் கூறுகளின்மீது இன்ன பயிற்சியின் விளைவு.

ஆய்வுமுறையை நான் பழிக்கவில்லை. புள்ளியியல் தெரிந்ததால்தான் இன்று என் பள்ளிப் பதிவேட்டை வைத்து நாலு கேள்வி கேட்க முடிகிறது. கருவி நல்ல கருவி. அதைப் போட்டுத் தோண்டிய இடம் நம் இடம் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

உடற்கல்விப் படிப்பு நமக்குப் புதிதல்ல. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி இன்றும் நந்தனத்தில் கல்லூரியாக நிற்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப் போனவரும் அவரே. காரைக்குடியிலும் அண்ணாமலைநகரிலும் தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்கள் உருவாகியிருக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தத் துறைக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் வந்தது. நூறு ஆண்டு கடந்த இந்த மண்ணில் நான் வகுப்பில் படித்த அளவுகோல்கள் எவை தெரியுமா? 1950-களில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுத்த ஆஃபெர் (AAHPER) உடல்திறன் தேர்வு. 1960-களில் அமெரிக்க விமானப்படையினரை ஓடவிட்டு கூப்பர் உருவாக்கிய 12 நிமிட ஓட்டம். படிக்க வேண்டியவைதான். ஆனால் வெறுங்காலோடு செம்மண் தரையில், பங்குனி வெயிலில், ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை 600 மீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடினால் அவள் நலமாக இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு எந்த அட்டவணையையும் யாரும் தரவில்லை. ஆண்டுதோறும் நாங்கள் அளக்கும் உயரம், எடை, 50 மீட்டர், 600 மீட்டர் எல்லாம் என் அலமாரியில் பதிவேடாக இருக்கின்றன. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு முதுகலை மாணவர்கூட அதைக் கேட்டு வந்ததில்லை.

வந்தால் கொடுப்பதற்கு என்னிடம் கேள்விகளும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் மண் தரையில் கபடி ஆடிப் பழகுகிறார்கள். மேல்மட்டப் போட்டிக்குப் போனால் தரையில் 'மேட்' என்ற செயற்கை விரிப்பு, காலில் ஷூ. மண்ணில் வழுக்கித் திரும்பிய கால் விரிப்பில் பிடித்துக்கொள்கிறது. உடம்பு திரும்ப, முழங்கால் நின்றுவிடுகிறது. விரிப்புக்கு மாறும் முன்பு எத்தனை வாரம், எப்படிப் பழக்கினால் அந்த முழங்கால் தப்பும்? ஆறாம் வகுப்பில் கோ-கோவுக்கு அடித்துப்பிடித்து வரும் பெண்பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் ஏன் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்? உடை மாற்ற ஓர் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் கிரவுண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? பி.டி. பீரியட் மதியம் இரண்டரைக்கு இருந்தால் அந்த வெயிலில் எத்தனை நிமிடம் ஓடவிடலாம்? பத்தாம் வகுப்புக்குத் தேர்வு நெருங்கியதும் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்களே, அதனால் மதிப்பெண் உண்மையிலேயே கூடுகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு உங்கள் மாணவர் ஒருவர் பதில் கண்டுபிடித்துக் கொடுத்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு நானே போவேன்.

எங்கள் மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் பிறந்தவர் சாந்தி சௌந்திரராஜன். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். எந்தத் தவறும் செய்யாத ஒரு பெண்ணின் உடலைப் பற்றி ஊரும் உலகமும் பேசின. ஒடிசாவின் ஓட்டக்காரர் டூட்டி சந்த் இதேபோன்ற விதிமுறையை எதிர்த்து வழக்காடியதால், விளையாட்டுகளுக்கான நடுவர் மன்றம் 2015-இல் அந்த விதியை நிறுத்திவைத்தது. விளையாட்டு மருத்துவம், உளவியல், நிர்வாகம், சட்டம் நான்கும் ஒரே இடத்தில் கூடும் பாடம் இதைவிட வேறு ஏது? சாந்தியின் பெயர் என் எம்.பி.எட். வகுப்பில் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ஒரு பெண்பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துவரும் ஆசிரியர், நாளைக்கு அவளுக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் யாரிடம் போக வேண்டும், எதைக் கையெழுத்திடக் கூடாது, அவளிடம் என்ன மொழியில் பேச வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் பட்டம் வாங்க வேண்டும்.

விளையாட்டு மேலாண்மைப் பாடத்துக்கு வருகிறேன். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆளமர்த்தல் என்று நிர்வாகத்தின் கூறுகளைத் தலைப்பெழுத்தாக்கி மனப்பாடம் செய்தோம். தோற்றவர் வெளியேறும் நாக்அவுட் போட்டிக்கு ஃபிக்சர் (ஆட்ட அட்டவணை) போடவும், ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் 'பை' கணக்கிடவும் சொல்லித்தந்தார்கள். அது தினமும் உதவுகிறது. ஆனால் ஒரு குறுவட்டப் போட்டியை நடத்துவது என்றால் என்ன? நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ பஸ் மாறி வருவார்கள். குடிதண்ணீர் எங்கே, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே, ஒரு பிள்ளை விழுந்தால் 108 வண்டி கிரவுண்டுக்குள் எந்த வாசல் வழியாக வரும், கதவின் சாவி யாரிடம்? நீண்ட ஓட்டங்களை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும்? அன்று அந்த 800 மீட்டர் நடந்தபோது மணி பதினொன்றரை. உங்கள் மாணவர்கள் மேலாண்மைத் தாளுக்கு மூன்று மணி நேரம் எழுதுவதற்குப் பதிலாக, ஒரு குறுவட்டப் போட்டியைப் பொறுப்பெடுத்து நடத்தி, செலவுக் கணக்கும் விபத்துப் பதிவும் ஒப்படைத்தால் அதுவே தேர்வாக இருக்கட்டும். எங்களுக்கும் உதவிக்குக் கூடுதல் கை கிடைக்கும்.

உடல்நலம் என்பது நம் பாடத்தின் ஒரு பகுதிதான். ஆனால் என் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இரண்டு கிலோமீட்டர்தான். அந்தப் பிள்ளை விழும்வரை நான் அங்கே போனதில்லை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. தமிழ்நாட்டு அரசு அதே ஆண்டு நவம்பரில் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே போகிறது. நடக்கச் சொல்ல மருத்துவர் இருக்கிறார். எப்படி நடக்க வேண்டும், மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு என்ன பயிற்சி என்று உடன் நின்று காட்ட எம்.பி.எட். படித்தவர் அங்கே இல்லை. ஒரு பருவத்தில் ஒரு மாதமாவது உங்கள் மாணவர்கள் கிராமச் செவிலியரோடு போகட்டும். வேலைவாய்ப்பு இல்லை என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வழி திறக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் சொல்லக்கூடிய தடைகள் எனக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்யப் பெற்றோர் ஒப்புதலும் கல்வித் துறை அனுமதியும் வேண்டும், நாளாகும், கல்லூரி மாணவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். உண்மைதான். அந்த அனுமதியை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாக அலைந்து வாங்காமல், பல்கலைக்கழகமும் பள்ளிக் கல்வித் துறையும் ஒரே ஒப்பந்தமாகச் செய்துகொண்டால் பாதித் தடை போய்விடும். மீதியை எங்களைப் போன்ற பி.டி. ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறோம். பெற்றோர்களை எங்களுக்குத் தெரியும்; வீடும் தெரியும்.

இன்னொன்று, இது சின்னதுதான். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதன் முடிவை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, அளவெடுத்த பள்ளிக்குக் கொடுத்துவிட்டுத்தான் வைவாவுக்கு வர வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். எம்.பி.எட். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் கபடியும் ஓட்டமும் கைகொடுத்து மேலே வந்த கிராமத்துப் பிள்ளைகள். தமிழில் எழுதச் சொன்னால் அவர்கள் எழுதுவது இன்னும் தெளிவாக இருக்கும் என்பது என் அனுபவம்.

அந்தப் பிள்ளை இப்போது நலமாக இருக்கிறாள். மாத்திரையும் முருங்கைக்கீரையும் கடலைமிட்டாயுமாக ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டியது. மறு ஆண்டு அதே 800 மீட்டரில் மூன்றாவதாக வந்தாள். இப்போது நாங்கள் போட்டிக்குப் போகும் பையில் ஸ்பைக்ஸ் ஷூவுக்கு முன்னால் வாழைப்பழச் சீப்பு ஏறுகிறது. பயிற்சி தொடங்கும் மாதம் எல்லாப் பிள்ளைகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ரத்தம் பார்க்கிறேன். இமையையும் பார்க்கிறேன்.

இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டிக்கு உங்கள் மாணவர்கள் நான்கு பேரை அனுப்புங்கள். காலை ஆறரைக்கு வந்துவிட வேண்டும். சுண்ணாம்புக் கோடு போடுவதிலிருந்து வேலை இருக்கிறது. தங்குவதற்கு ஆசிரியர்கள் வீடுகளில் ஏற்பாடு செய்கிறேன். பதிவேடுகளைப் போட்டிக்கு மறுநாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்த ஓர் உடற்கல்வி இயக்குநர்,
புதுக்கோட்டை மாவட்டம்.