செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மவுண்ட் காம்பஸ் சதுப்பும் ஒரு கலப்பு மரமும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இக்கூட்டம் நடக்கும், தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு சமவெளி, இங்குள்ள பழங்குடியினரான கௌர்னா மக்களின் மண் என்பதை மரியாதையுடன் நினைவுகொள்கிறோம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மழையால் தள்ளிப்போனவை தவிர, மாத நடைகள் எல்லாம் நடந்தன. சந்தாவை உயர்த்தவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் கவனம் பெரும்பாலும் மவுண்ட் காம்பஸ் பக்கமே இருந்தது. அடிலெய்டுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள பால்பண்ணை ஊர். அங்கும் ஃப்ளூரியு தீபகற்பத்தின் வேறு சில சதுப்புகளிலும், கங்காரு தீவிலும் மட்டுமே யூக்கலிப்டஸ் பலூடிகோலா என்ற மரம் இயற்கையாக வளர்கிறது. யூக்கலிப்டஸ் ஆய்வாளர் டீன் நிக்கோல் 1995இல் இதைத் தனி இனமாக விவரித்துப் பெயரிட்டார். பின்னர் வந்த மரபணு ஆய்வு, இது கப் கம், ஸ்வாம்ப் கம் என்ற இரண்டு யூக்கலிப்டஸ் இனங்கள் கலந்து பிறந்தது என்று காட்டியது. பெற்றோரை மொட்டை வைத்தே பிரித்துவிடலாம்: கப் கம்முக்குப் பருத்த மொட்டுகள் மும்மூன்றாக, ஸ்வாம்ப் கம்முக்குச் சின்ன மொட்டுகள் ஏழேழாக. பிள்ளையைப் பார்த்தால் இரண்டு வீட்டுச் சாயலும் தெரியும்.

இதை வைத்துத்தான் செயற்குழுவில் சூடான விவாதம். "கலப்பு மரம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று ஒருவர் கேட்டார். நம் சொந்த ஊர்ப்பக்கம் தைல மரம் (அதுவும் யூக்கலிப்டஸ்தான்) நிலத்தடி நீரைக் குடித்ததைப் பார்த்து வளர்ந்த இன்னொருவர், யூக்கலிப்டஸுக்கா பரிந்து பேசுவது என்றே சிரித்தார். சரி, நியாயமான கேள்விகள்தான். ஆனால் அங்கே அது வரிசையாக நட்ட தோட்டப் பயிர். இங்கே அது மண்ணின் சொந்தப் பிள்ளை.

கலப்பு என்பதாலேயே இதைக் காப்பது கடினம் என்பது என் கருத்து. விதை எடுத்து நாற்று போட்டால் பிள்ளைகள் ஒரே மாதிரி வராது. சில ஒரு பக்கமும் சில மறுபக்கமும் சாயும். அதனால் நாற்றங்கால் யோசனையைக் கைவிட்டோம். கப் கம் சத்தில்லாத மணலிலும் சரளையிலும் நிற்கும்; ஸ்வாம்ப் கம்முக்கு ஈரக்கால் வேண்டும். இரண்டும் அருகருகே நின்று பூக்கும் சதுப்போரம் இருந்தால்தான் இந்த மரம் மறுபடி தானாகப் பிறக்கும்.

அந்தச் சதுப்போரம்தான் குறைந்துகொண்டே வருகிறது. காய்கறிக்கும் மாட்டுக்கும் என்று வடிகால் வெட்டி, செடிகள் மக்கி உண்டான கரிமண்ணைக் காயவிட்டுவிட்டார்கள். மிஞ்சியதிலும் மாடு இறங்கி இளங்கன்றுகளை மிதிக்கிறது. ஃப்ளூரியு சதுப்புகளை 2003இலேயே மத்திய அரசு மிகவும் அருகிவரும் சூழலமைப்பாக அறிவித்தது. கோரையும் டீ-ட்ரீ புதரும் அடர்ந்த இடங்களில் சதர்ன் ஈமு-ரென் குருவி ஒளிந்து வாழ்கிறது. உடலைவிட நீண்ட வாலில் ஈமு இறகு போன்ற சில மெல்லிய தூவிகள். அதைப் பார்க்கவே சிலர் நடைக்கு வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், கோபமில்லை.

நாம் செய்தது சின்ன வேலை: நில உரிமையாளர் அனுமதியோடு பிளாக்பெர்ரி முள்ளை வெட்டினோம், வேலிக்குக் கம்பம் நட்டோம். முழங்கை கிழிந்தவர்களுக்கும் சாம்பார் சாதம் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். ஃபைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய் செருப்பு மண்ணிலேயே பயணம் செய்யும். காலணியைத் தேய்த்து, கிருமிநாசினி அடிக்காமல் இனி யாரும் சதுப்புக்குள் இறங்கக் கூடாது. குழந்தைகளுக்கும் இதேதான்.

வரும் ஆண்டில் வேலியை முடிக்க வேண்டும், கரன்சி கிரீக்கில் நிக்கோல் வளர்க்கும் யூக்கலிப்டஸ் தோட்டத்தையும் பார்க்கலாம் என்று எண்ணம். அப்புறம், செயலாளர் பதவிக்கு இம்முறை வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சி; மனுப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்