ரிமோட்டைக் குப்பையில் போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலத்தில் வெயில் ஏறினால் ஏ.சி. ரிமோட்டும், ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கினால் டி.வி. ரிமோட்டும் பழுதுக்கு வருகின்றன. பழுது பார்க்காமலே குப்பைக்குப் போவதும் உண்டு. வீட்டிலேயே சரிசெய்யக் கூடியதை வீசுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பொத்தானை அழுத்தியதும் ரிமோட்டின் முனையிலுள்ள எல்.இ.டி. அகச்சிவப்பு ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கவிட்டு, எந்தப் பொத்தான் என்பதைக் குறியீடாக அனுப்புகிறது. கண்ணுக்கு அது தெரியாது. மொபைலின் முன் கேமராவுக்குப் பெரும்பாலும் தெரியும். அதன் முன் பிடித்து அழுத்துங்கள். வெளிர் ஊதாவாக மினுக்கினால் ரிமோட்டிலிருந்து சிக்னல் போகிறது, டி.வி.யில் அதை வாங்கும் ரிசீவரைப் பாருங்கள். ஜன்னல் வெயில் நேராக அதில் விழுந்தாலும் சிக்னல் எடுக்காது. (புளூடூத் ரிமோட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

மினுக்கவில்லை என்றால் முதலில் பேட்டரி. ஏ.சி. ரிமோட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். திரையில் 24 என்று தெரிகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். அந்த எண்ணைக் காட்டச் சொற்ப மின்சாரம் போதும், எல்.இ.டி. துடிக்க அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். புது பேட்டரி 1.5 வோல்ட். வோல்ட் அளக்கும் மீட்டரில் 1.2-க்குக் கீழே காட்டினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்து போட்டால் பழையது சீக்கிரம் தீர்ந்து கசியும்.

இந்தக் கசிவுதான் ஏற்காட்டில் பெரிய தொல்லை. சீசன் முடிந்து பூட்டிய வீட்டில் பேட்டரி ரிமோட்டுக்குள்ளேயே கிடக்க, ஈரக்காற்றில் ஸ்பிரிங் பச்சை பூத்துவிடுகிறது. அல்கலைன் பேட்டரி கசிந்த வெள்ளைப் படிவம் காரத்தன்மை உடையது. வெறும் கையால் தொடாமல், பட்ஸில் வினிகர் நனைத்துத் துடையுங்கள். பிறகு சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, நன்கு உலர்ந்தபின் புது பேட்டரி போடுங்கள். வீட்டைப் பூட்டும்போது பேட்டரியைக் கழற்றி வைத்தால் இந்த வேலையே இல்லை.

சில பொத்தான்கள் மட்டும் மக்கர் செய்தால், உள்ளே ரப்பர் ஷீட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். ஸ்க்ரூ பெரும்பாலும் பேட்டரி அறைக்குள் இருக்கும். மற்றபடி ஓரமெல்லாம் பிளாஸ்டிக் லாக்தான், மெதுவாக நெம்புங்கள். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, போர்டை ஆல்கஹாலால் துடைத்தால் போதும். ரப்பரின் கறுப்புப் பொட்டுகளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மின்சாரம் கடத்துவதே அந்தக் கரிப்பூச்சுதான்.

கீழே விழுந்தபின் அடியோடு நின்றுவிட்டால், பழைய மாடல்களில் ரெசொனேட்டர் என்ற சிறு பாகம் விரிசல் விட்டிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். புதிதே வாங்குவதானாலும் பழைய ரிமோட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி குறியீடு மாறும்.

டி.வி. மெக்கானிக்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.