பெடியன்ர கையைக் கொஞ்சம் பாத்துக்கொள், பிள்ளை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில சொல்லிக்கொண்டிருக்கேக்க பின்னால சின்னவை போட்ட சத்தத்தில எனக்குப் பாதி விளங்கேல்லை, பிறகு அம்மா ஃபோனைப் பறிச்சிட்டா, அதால இப்ப ஆறுதலா இருந்து எழுதுறன். விளங்கின மட்டில, பேரனைக் கல்கரியில ஏதோ ட்ராவல் ரீமுக்கு, ஊர் ஊராப் போய் விளையாடுற ரீமுக்கு, எடுத்திருக்கினம், குளிர்காலத்திலயும் மண்டபத்துக்குள்ள பயிற்சி இருக்கு, கோச் அவனைப் பிட்சராக்க, பந்து எறியிற ஆளாக்கப் போறாராம், காசு ஆயிரக்கணக்கில. அப்பா என்ன சொல்லுறியள் எண்டு கேட்டனீ. நீளமா எழுதினாக் கோவிக்காதை, பேஸ்போல் எண்டா எனக்கு வாய் நிக்காதெண்டு உனக்குத் தெரியும்தானே.

முதல்லயே சொல்லிப்போடுறன். ரீமில விளையாடட்டும், நல்லது. ஆனா பத்து வயசுப் பிள்ளையை வருசம் பன்னிரண்டு மாசமும் எறிய விடாதை. அதுக்கு மட்டும் நான் ஓம் சொல்லமாட்டன்.

நான் இந்த விளையாட்டுக்குள்ள வந்ததே எறிஞ்ச கையாலதான். எண்பதுகளின்ர கடைசியில ரொறன்ரோ ஸ்காபரோவில பிளாஸ்டிக் ஃபக்டரியில வேலை, மத்தியானம் சாப்பிட்டிட்டு பார்க்கிங் லொட்டில பெடியள் பந்து எறிஞ்சு பிடிச்சுக்கொண்டு நிப்பாங்கள், ஒருநாள் பந்து என்ர பக்கம் உருண்டு வர எடுத்து வேலியடியில நிண்டு ஒருத்தன்ர நெஞ்சுக்கு நேர எறிஞ்சன். ஊரில கவர்ஸில நிண்டு ஸ்ரம்புக்கு எறிஞ்சு பழகின கை, வேறொண்டும் இல்லை. ஃபோர்மன் ஒரு இத்தாலிக்காரர், அவர்தான் ரீம் வச்சிருந்தவர், அண்டைக்குப் பின்னேரமே என்னைத் தன்ர வானில ஏத்திக்கொண்டு போட்டார், வாறியோ எண்டு கேக்கவும் இல்லை.

அடிக்கிறது வேற கதை. கிரிக்கெட் ஆடின ஆக்களுக்கு முழங்காலடியில வாற பந்து சாப்பாடு மாதிரி, முதல் சில மட்ச் நான் அதை எல்லாப் பக்கமும் அடிச்சன், எனக்கே என்னில பெருமை. ஒரு மாசம் போகேல்லை, லீக்கில இருக்கிற பிட்சர்மார் எல்லாருக்கும் கதை போட்டுது, உவருக்குக் கீழ போடாதைங்கோ, நெஞ்சு மட்டத்துக்கு உள்ளுக்குப் போடுங்கோ எண்டு. கிரிக்கெட்டில பந்து குத்தி வரும், குத்துற இடத்தைப் பாத்துக் காலை வைக்கலாம், இங்க குத்திறதே இல்லை, 60 அடி 6 அங்குலத்தில இருந்து வாறது அரைச் செக்கனுக்குக் கிட்ட எங்களைத் தாண்டிப் போயிடும், அதுக்குள்ள அடிக்கிறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்க வேணும். மட்டையோ உருண்டை. பந்தும் உருண்டை. அடிச்சாப் பிறகு ஓடுறதோ நிக்கிறதோ எண்டு யோசிக்கிற உரிமையும் இல்லை, கோட்டுக்குள்ள விழுந்தா ஓடத்தான் வேணும், முதல் பேஸ் எண்ட மூலைக்கு 90 அடி. எனக்கு அந்த உயரப் பந்தை விடப் பழகவே ரெண்டு சம்மர் போச்சுது, அடிக்கப் பழக அதுக்கு மேல.

பிறகு கிளவ். ஊரில ரெண்டு கையையும் கூட்டி, பந்தோட கையையும் பின்னால இழுத்துப் பிடிச்ச எங்களுக்கு இடக்கையில தோலை மாட்டி அதுக்குள்ள ஒற்றைக் கையால வாங்கிறது ஒரு அவமானம் போல இருந்துது எண்டு சொன்னா நீ சிரிப்பாய். புதுக் கிளவ் மரப்பலகை மாதிரி மூடாது. நான் செய்தது, துணியில கொஞ்ச எண்ணெய் தொட்டு உள்ளங்கைப் பக்கமும் விரல் மடியிற இடமும் மட்டும் தேய்ச்சு, நடுவில பந்தை வச்சு, பழைய சைக்கிள் ரியூப்பால இறுக்கிக் கட்டி மெத்தைக்குக் கீழ வைக்கிறது. அம்மா அந்த மணத்துக்கு ஏசின ஏச்சு இருக்கே. இப்ப யூரியூப்பில கிளவ்வை ஒவன் அடுப்புக்குள்ள வச்சுச் சூடாக்கிறாங்கள், அந்தக் கோதாரி வேலையைச் செய்யாதைங்கோ, தோல் காஞ்சு வார் அறுந்துபோம். எண்ணெயும் கட்டும் எல்லாம் பாதிதான், மிச்சம் ஒவ்வொரு நாளும் பந்து பிடிச்சாத்தான் வரும்.

நீ பிறந்த பிறகு வந்த பெரிய நாள் 1993 அக்ரோபர் 23, சனிக்கிழமை. உனக்கு ஞாபகம் இருக்காது, நித்திரை. எங்கட அப்பார்ட்மென்டில ஒரு இருபது பேர், பாதிப் பேருக்கு விதியே தெரியாது. ஃபிலடெல்ஃபியா 6, எங்கட ரொறன்ரோ புளூ ஜேஸ் 5, கடைசி இன்னிங்ஸ், ஜோ கார்ட்டர் பந்தை வேலிக்கு வெளியால அடிச்ச ஹோம் ரன்னில 8-6 எண்டு எங்கட பக்கம், வேர்ல்ட் சீரிஸ் எண்ட இறுதித் தொடரும் முடிஞ்சுது. இண்டைக்கும் ரீவியில போட்டா கார்ட்டர் துள்ளித் துள்ளி ஓடுறதைத்தான் காட்டுவினம். நான் எப்பவும் சொல்லுறது, அந்த இன்னிங்ஸ் தொடங்கினதே ரிக்கி ஹெண்டர்சன் அடியாமல் நிண்டு வாங்கின வோக்கில, நாலு கெட்ட பந்தை விட்டா முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம், அதுதான் வோக். பிறகு ஒரு அவுட், பிறகு மொலிட்டர் ஒரு சிங்கிள், அதுக்குப் பிறகுதான் கார்ட்டர். ஹெண்டர்சன் ஆசைப்பட்டு ஒண்டுக்கு வீசியிருந்தா அந்த இரவு எப்பிடிப் போயிருக்குமோ. எங்களை மாதிரி சனி ஞாயிறில விளையாடுற ஆக்களின்ர மட்ச் எல்லாம் வோக்கிலயும் கைவிட்ட பந்திலயும்தான் வெண்டு தோக்கிறது, ஹோம் ரன் எண்டது கலியாண வீட்டு வெடி, சத்தம்தான் பெரிசு. உன்ர மகனுக்கு முதல்ல விடப் பழக்கு. கெட்ட பந்தை விடுற பிள்ளை எந்த ரீமிலயும் இடம் பிடிக்கும்.

கிறிஸ்டி பிற்ஸ் பார்க்குக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போறது ஞாபகம் இருக்குமெண்டு நினைக்கிறன், அந்தப் பள்ளத்துக்கு மேல புல்லுச் சரிவில பாயை விரிச்சுப்போட்டு இருப்பம், நீ கடலையும் கையுமா மட்சைப் பாக்காமல் நாய்க்குட்டியளைப் பாத்துக்கொண்டிருப்பாய். மேப்பிள் லீவ்ஸ் எண்ட பேரில அங்க ஒரு பேஸ்போல் ரீம், 1969 இல இருந்து விளையாடுது, அப்ப ரிக்கற் எண்ட கதையே கிடையாது, வாற சனம் வந்து புல்லில இருக்க வேண்டியதுதான். பகல் வேலை முடிச்சு உடுப்பு மாத்திப்போட்டு இறங்கிற பெடியள். எனக்குப் புளூ ஜேஸின்ர பெரிய மைதானம் ஸ்கைடோமை விட அந்தச் சரிவுதான் விருப்பம், பிட்சரின்ர மூச்சுச் சத்தம் கேக்கும்.

அதே பார்க்கிலதான் 1933 ஓகஸ்ட் 16 பெரிய கலவரம் நடந்தது. ஹார்போர்ட் பிளேகிரவுண்ட் எண்ட ரீமில கூட யூதப் பெடியள், மட்ச் முடிய ஆரோ சுவஸ்திகா போட்ட துணியை விரிச்சுக் காட்ட, அவங்கள் அதைப் பறிக்கப் போக, இத்தாலிக்காரப் பெடியளும் யூதப் பெடியளோட சேந்து நிண்டு மணித்தியாலக் கணக்கா அடிபாடு. ஹிட்லர் பதவிக்கு வந்து ஒரு வருசமும் ஆகேல்லை. எங்கட ஃபோர்மன் இதைச் சொல்லேக்க தன்ர ஆக்கள் நிண்ட பக்கத்தைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்லுவார். நான் வந்த புதுசில மைதானத்தில என்னை ஒருத்தரும் எங்கயிருந்து வந்தனீ எண்டு குடைஞ்சு கேக்காமல் விட்டதுக்கு இப்பிடி முன்னால நிண்ட பெடியளும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறனான்.

சரி, கை விசயத்துக்கு வாறன். எங்கட ரீமில ஒரு பொடியன் இருந்தவன், பேர் வேண்டாம், பத்தொன்பது இருபது வயசு, எங்களையெல்லாம் விட எவ்வளவோ திறமான பிட்சர், சின்ன வயசில ஒரே சம்மரில ரெண்டு ரீமுக்கு எறிஞ்சு குளிருக்குள்ள மண்டபத்திலயும் எறிஞ்சு வளந்தவன். ஒரு மட்சில நடுவில பந்தை விட்டான், அது அடிக்கிறவனுக்குப் பின்னால குந்தியிருந்து பிடிக்கிற கச்சருக்கு மேலால போய்ப் பின் வேலியில அடிச்சுது. இவன் கத்தேல்லை, விழேல்லை, மற்றக் கையால முழங்கைக்குக் கீழ தாங்கிப் பிடிச்சபடி மவுண்டில, எறியிற மண்மேட்டில, நிண்டு தன்ர விரலையே பாத்துக்கொண்டு நிண்டான். நான் செக்கண்ட் பேஸில நிண்டனான், கிட்டப் போய்க் கேட்டன், சின்ன விரல் ரெண்டும் விறைக்குது அண்ணை எண்ட மாதிரி இங்கிலிசில சொன்னான்.

முழங்கையின்ர உள்பக்கத்தில ரெண்டு எலும்பையும் கட்டி வச்சிருக்கிற நார் ஒண்டு இருக்கு, அதுதான் அறுந்தது. 1974 இல டொமி ஜோன் எண்ட டொட்ஜர்ஸ் பிட்சருக்கு ஃபிராங்க் ஜோப் எண்ட டொக்டர் மற்றக் கையில இருந்து நார் எடுத்து வச்சுக் கட்டினவர், அந்த ஒப்பரேசனுக்கே டொமி ஜோன்ர பேர்தான். அந்த மனிசன் திரும்பி வந்து 1989 வரைக்கும் எறிஞ்சது தான் இப்பத்த தாய் தேப்பன்மாரைக் கெடுத்து வச்சிருக்கு, போனா வெட்டித் தைக்கலாம், முந்தியை விட வேகமா எறிவான் எண்டெல்லாம் கதைக்கினம். எங்கட பொடியனுக்கும் வெட்டித் தைச்சது. ஒரு வருசத்துக்கு மேல சும்மா இருந்து திரும்பி வந்து ஃபெஸ்ட் பேஸில நிண்டான், அங்க நிண்டா எறியிறது குறைவு எண்டதால.

மேஜர் லீக்காரரும் யூஎஸ்ஏ பேஸ்போலும் சேந்து பிட்ச் ஸ்மார்ட் எண்டு கணக்குப் போட்டு வச்சிருக்கினம். 9, 10 வயசுக்கு ஒரு நாளைக்கு 75 பந்துக்கு மேல எறியக்கூடாது, 65 தாண்டினா நாலு நாள் ஓய்வு, வருசத்தில குறைஞ்சது 4 மாசம் எறியவே கூடாது. பிட்சரா நிண்ட அதே மட்சில கச்சராவும் நிக்கக்கூடாது, ஏனெண்டா கச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறியிறவன்தானே. உங்கட கோச் இதைத் தெரியாத ஆளா இருக்கமாட்டார். ஆனா சனிக்கிழமை ரெண்டு, ஞாயிறு ரெண்டு எண்டு மட்ச் இருக்கிற டோர்னமென்டில, அரையிறுதியில ஒரு ரன்னால பின்னுக்கு நிக்கேக்க அந்தக் கணக்கு ஆற்ற ஞாபகத்திலயும் இருக்காது, நான் கண்ணால பாத்தனான். மருமகனைச் சொல்லி, சின்னக் கிளிக்கர் ஒண்டு வாங்கி அவரே எண்ணட்டும். கோச்சிட்ட மரியாதையாக் கேள், நவம்பரில இருந்து பெப்ரவரி வரைக்கும் பந்து எறியிறது இருக்கோ, வேற இடத்திலயும் நிக்க விடுவினமோ, பந்தைச் சுழட்டி வளைய விடுற கேர்வ் போல் எப்ப பழக்குவினம் எண்டு. இப்பவே பழக்கிறம் எண்டு சொன்னா காசைக் கட்டாதை.

அதுக்குப் பதில் சேஞ்ச்அப் எண்ட மெல்லப் பந்தை நான் பழக்கிறன். பந்தை விரல் நுனியில பிடியாமல் உள்ளங்கைக்குள்ள ஆழமா வச்சு, பெருவிரலும் சுட்டுவிரலும் பக்கத்தில வளையம் மாதிரித் தொட, கையை மட்டும் ஃபாஸ்ட்போலுக்கு வீசுற அதே வேகத்தில வீச வேணும். பந்து மெல்ல வரும், அடிக்கிறவன் முதலே வீசி முடிச்சிடுவான். அவன்ர கை இன்னும் சின்னன், பிடிக்கக் கஷ்டப்படுவான், அவசரம் இல்லை.

புது விதியளைப் பற்றிக் கேட்டனீ எல்லே. இத்தினை செக்கனுக்குள்ள பந்தை எறிய வேணும் எண்ட பிட்ச் குளொக் 2023 இல வந்தது நல்ல வேலை, கையுறையைக் கழட்டிக் கழட்டி மாட்டின நாடகம் எல்லாம் குறைஞ்சு மட்ச் ஒரு இருபத்தைஞ்சு நிமிசம் அளவு சுருங்கிட்டுது. சமனா நிண்டாக் கூட ஆடுற எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில செக்கண்ட் பேஸில சும்மா ஒருத்தனைக் கொண்டுவந்து நிப்பாட்டுறது மட்டும் எனக்குப் பிடிக்கேல்லை, அவன் என்ன செய்து அங்க வந்தவன்? நல்ல காலம் கடைசிக் கட்டப் பிளேஓஃப்பில அது இல்லை, அதாலதான் 2025 வேர்ல்ட் சீரிஸ் மூண்டாவது மட்ச் வழமையான 9 ஐத் தாண்டி 18 இன்னிங்ஸ் போனது, இங்க விடியப்புறம் மூண்டு மணி ஆகப்போகுது, அம்மா வந்து உங்களுக்கு விசரோ எண்டு கேட்டிட்டுப் போறா. புளூ ஜேஸ் தோத்த ஏழாவது மட்சைப் பற்றி எனக்கு இன்னும் கதைக்க மனமில்லை. பேரனோடயும் கதைக்காதை, அவன் அழுதவனாம்.

ஜூலைக்கு ரிக்கற் போட்டாச்சு. அவனுக்குப் புதுக் கிளவ் வாங்காதை, நான் வாங்கி எண்ணெய் போட்டு வச்சிருக்கிறன், ஹாண்ட் லக்கேஜில வரும். கோச் என்ன சொன்னவர் எண்டு எழுது, மெசேஜாவே போடு, வொய்ஸ் நோட் வேண்டாம், அம்மா அதை முழுக்கக் கேட்டு முடிச்சு தன்ர அபிப்பிராயத்தையும் சொல்லிப்போட்டுத்தான் ஃபோனை என்ர கையில தருவா.

அன்புடன்
அப்பா