லாவோவுக்குக் கார் வேண்டாம்

அன்புள்ள மகள்,

சுவிஸில், பேர்ணில் எங்களோடு நின்றுவிட்டு, நீங்கள் இருவரும் இரண்டு நாள் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் லாவோ திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். போங்கள். கார் வாடகைக்கு எடுக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடு. ஊர்த் தெருக்கள் ஒடுக்கம், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். இரத்தத்தில் மதுவின் அளவு 0.5 பெர்மில், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு, அல்லது அதற்கு மேல் இருந்தால் இங்கே குற்றம். கனடாவில் குற்றவியல் சட்டம் வைத்திருக்கும் 0.8ஐ விட இது இறுக்கம். வைன் சுவைக்கப் போன இடத்தில் உங்களில் ஒருவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஏரிக்கரை ஊர்களுக்கெல்லாம் ரயில் இருக்கிறது.

பேர்ணிலிருந்து லொசான் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இடது பக்க ஜன்னல் ஓரமாக இருங்கள். லொசானுக்குக் கொஞ்சம் முன்பு, சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஜெனீவா ஏரி கீழே தெரியும். லொசானில் ரயில் மாறி, ஏரிக்கரை ஊரான வெவேக்குப் போகும்போது ஏரி வலது பக்கம். வெவேயில் தங்குவதுதான் வசதி. அங்கே ஹொட்டேலில் பதிந்ததும் உள்ளூர் பஸ்ஸில் காசில்லாமல் போக ஒரு அட்டை தருவார்கள், கேட்டு வாங்கு. விரைவு ரயில்கள் சின்ன ஊர்களில் நிற்காது. ஆர் என்ற ஒற்றை எழுத்தும் எண்ணும் உள்ள உள்ளூர் ரயிலில்தான் ஏற வேண்டும்.

நாளைத் தெரிவு செய்வதில் கவனம் வை. யூன் நல்லது, செப்டம்பர் முதல் பாதி அதைவிட நல்லது. செப்டம்பர் கடைசியில் அறுவடை தொடங்கிவிட்டால் தோட்டக்காரருக்கு உங்களோடு கதைக்க நேரம் இருக்காது, வைன் வைக்கும் பல பாதாள அறைகளும் பூட்டியிருக்கும். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே வார இறுதியில், லாவோ இருக்கும் வோ மாநிலம் முழுவதும் வைன் அறைகளைத் திறந்துவிடுவார்கள். கூட்டம் பிடிக்குமென்றால் போகலாம். ஆறுதலாகக் கேட்டுச் சுவைக்க அது நாளல்ல.

முதல் நாள் நடை. சான் சஃபொரனில் காலை ஒன்பதுக்கு முன் தொடங்கி மேற்கே லூத்ரி வரை சுமார் 11 கிலோமீற்றர், நிற்காமல் நடந்தால் மூன்றரை மணி நேரம். காலையில் இந்தத் திசையில் வெயில் முகத்தில் அடிக்காது. மத்தியானம் கடந்தால் முகத்துக்கு நேரே அடிக்கும். நிழல் இல்லை. பாதையில் பெரும்பகுதி கொங்கிரீட், சில இடத்தில் இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும், ஆகவே அடி தேயாத சப்பாத்துப் போடுங்கள். தண்ணீரை ஊர்க் கிணற்றுத் தொட்டிக் குழாய்களில் நிரப்பலாம், குடிக்க உதவாது என்று பலகை தொங்கினால் தவிர. ஏலாவிட்டால் ரிவா, எப்பெஸ், குய்யி எங்கேயும் இறங்கி ரயில் பிடிக்கலாம்.

வழியில் ஒரு மதிலில் பின்னேரம் கையை வைத்துப் பார். கல் சுடும். இங்கே மூன்று சூரியன் என்பார்கள்: மேலே ஒன்று, ஏரித் தண்ணீரில் தெறிப்பது ஒன்று, பகலில் இந்த மதில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுப்பது மூன்றாவது. 12ஆம் நூற்றாண்டில் துறவிகள் தொடங்கிய மதில் வேலை இது. 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மதில் மேல் ஏறாதீர்கள். பழத்தைப் பிடுங்கவும் வேண்டாம்.

இரண்டாம் நாள் சுவைக்க. பகலில் ரிவாவில் உள்ள லாவோ வினோராமாவுக்குப் போனால், ஒரு தோட்டக்காரரின் ஆண்டைக் காட்டும் படமும் பார்க்கலாம், பல தோட்டத்து வைனையும் ஒரே இடத்தில் சுவைக்கலாம். ஊர்ப் பொது அறைகளைக் கவோ என்பார்கள். தோட்டக்காரர் முறை வைத்து ஊற்றுவார்கள். அவை பெரும்பாலும் வார இறுதியை ஒட்டிப் பின்னேரம்தான் திறக்கும், குளிர்காலத்தில் பல பூட்டு. அதனால் திங்கள், செவ்வாயில் போய் ஏமாறாதீர்கள். தனித் தோட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அழைத்துச் சொல்லுங்கள்.

வைனை இங்கே டெசிக் கணக்கில், அதாவது 100 மில்லிலீற்றராக ஊற்றுவார்கள். ஷஸ்லா என்ற வெள்ளைத் திராட்சைதான் இந்த இடத்தின் உயிர். மெல்லிய சுவை, சிவப்பைக் குடித்த வாய்க்கு அது தண்ணீர் போல இருக்கும். ஆகவே சிவப்பைக் கடைசியில் வையுங்கள். முதலில் எப்பெஸ் ஊரின் சாதாரண வைன், பிறகு கலமன், பிறகு தெசலே. கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிலங்கள், திராட்சையும் ஒன்று, வேறுபாடு நாக்கில் தெரியும். முடிந்தால் பத்து வருடம் கிடந்த தெசலே ஒரு டெசி கேள். தேன் வாசமும் கொட்டை வாசமும் வந்திருக்கும். துப்பவும் தொட்டி வைத்திருப்பார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிடித்ததை அங்கேயே வாங்கு. சுவிஸ் வைன் வெளிநாட்டுக்குப் போவது மிகக் குறைவு, ரொறன்ரோவில் தேடிக் கிடைப்பது கஷ்டம். கனடாவுக்கு வரியில்லாமல் ஆளுக்கு 1.5 லீற்றர் கொண்டுபோகலாம், அதாவது இரண்டு போத்தல். உடுப்பில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வை, கைப்பையில் விடமாட்டார்கள்.

ஞாயிறு கடைகள் பூட்டு, சாப்பாட்டுக்கு மேசை சனிக்கிழமையே பிடித்துவை. விமான நாள் முடிவானதும் எழுது, ரயில் ரிக்கெற்றை நான் இங்கிருந்தே பார்க்கிறேன்.

அன்புடன்
அப்பா